ஒரே நேரத்தில்

ஆனையூர் ஆறாவது குறுக்குத் தெருவில்
ஒச்சம்மா வீட்டுக்கு ஏசி வரப்போகிறது.
திருப்பூரிலிருந்து மகன் பணம் போட்டுவிட்டான்.
பழைய லைன் தாங்குமா என்று பார்க்க
என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

பேப்பர் கொண்டுபோகவில்லை.
யார் வீட்டுக் காதணி விழாவோ,
பத்திரிகையின் பின்பக்கத்தைத் தந்தாள்.

ஃபேன் நாலு, முந்நூறு.
லைட்டெல்லாம் சேர்த்து நூற்றியெண்பது.
ஃபிரிட்ஜுக்கு இருநூறு போட்டேன்,
கதவு ரப்பர் போயிருந்தது.
மோட்டார் ஒரு ஹெச்பி. கீசர் இரண்டாயிரம்.
கேஸ் தீர்ந்தால் மட்டும் பரணிலிருந்து இறங்கும்
கரண்ட் அடுப்பு ஆயிரத்தெண்ணூறு.
அயர்ன்பாக்ஸ், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங்மெஷின், டிவி.
இன்னும் வராத ஏசிக்கு ஆயிரத்தெழுநூறு.

கூட்டினால் ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பது.

"அம்புட்டா?" என்றாள்,
யாரோ தன் பேரில் வாங்கிய கடனைக் கேட்டவள் போல.

எது எதோட சேர்ந்து ஓடும், அதுதான் அக்கா கணக்கு.
எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடுற நாள்
இந்த வீட்டுல உண்டா, சொல்லுங்க.

யோசித்தாள்.
கீசர் போட்டால் மோட்டாரைத் தொடமாட்டாளாம்.
துணி தேய்ப்பது ஞாயிறு, அதுவும் மகன் வந்தால்.
ராத்திரி ஒரு ஃபேன்,
டிவி ஓட ஓடத் தூங்கிவிடுவாள்.
மூன்றரை கிலோவாட் என்று
மனசுக்குள் எழுதிவிட்டேன்.

"ஒரு நாள் உண்டு" என்றாள் அப்புறம்.

அவரைக் கொண்டுவந்து போட்ட நாள்.
ஐஸ்பெட்டி. வாசலில் ரெண்டு ஃபோகஸ் லைட்.
வாடகை ஸ்டாண்ட் ஃபேன் ஆறு.
வந்தவர்கள் கைகால் கழுவக் கழுவ ஓயாத மோட்டார்.
எந்தக் கொழுந்தனோ கீசரையும் தட்டிவிட்டிருக்கிறான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
மெயினில் பட்டென்று ஒரு சத்தம்.
பெட்டியின் உறுமல் நின்றது.

"அழுதுகிட்டிருந்தவங்களும் நிப்பாட்டிட்டாங்க தம்பி.
கரண்ட்லதான் அழுதாங்களோன்னு இருந்துச்சு."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நானும் சிரித்துவிட்டு
டெஸ்டரைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

அப்ப ஏழு எழுதிருவோம் என்றேன்.
த்ரீ ஃபேஸ். டெபாசிட் கூடும்.

"கிறுக்கா ஒனக்கு?
ஒத்த நாளுக்கு வருசம் பூராம் தண்டம் அழுவாங்களா?
அன்னைக்கு ஜைத்தூன் வீட்டுப் பயதான்
செவத்து மேல வயரை விட்டெறிஞ்சான்.
விடியிற வரைக்கும் அவங்க வீட்டுக் கரண்ட்லதான்
இவரு குளுந்து கெடந்தாரு.
அவங்க எல்லாத்தையும் அமத்திட்டு
மொட்டைமாடியில படுத்தாக."

நாலு என்று எழுதினேன்.
ஜைத்தூன் வீட்டை எழுத
ஃபாரத்தில் கட்டம் இல்லை.

எர்த் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனபோது
காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஆணி,
அதில் ஒரு சாண் கருப்பு வயர்.
கழற்றிவிடட்டுமா என்றேன்.

"கெடக்கட்டும்" என்றாள்.
"அடுத்து எந்த வீட்டுலயோ."