தடிக்காத தோல்

முன்கையில் மூன்றாம் முறையாக ஊசி.
இரண்டு நாள் கழித்து
கெனெயிலோ அளவுகோலை வைத்துப் பார்க்கிறாள்.
ஒன்றுமில்லை.
கொசு கடித்த அளவுகூட இல்லை.
"முப்பத்தோரு வருஷம் கீழே இருந்தவர்தானே நீங்கள்?"
கோப்பைப் புரட்டி
மறுபடி என் பெயரைச் சரிபார்க்கிறாள்.

ட்செலிசோ.
எங்கள் மொழியில் ஆறுதல்.
எனக்கு முந்தியவள் பால்குடி மறக்குமுன் போய்விட்டதால்
அம்மா வைத்த பெயர்.
யாருக்கு ஆறுதல் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

அண்ணன் மொகேத்தி
எனக்கு மேல்கட்டிலில் படுத்தான்.
வெல்கோம் விடுதியில் பதினாறு பேருக்கு ஒரு ஜன்னல்,
அதையும் குளிருக்கு அட்டை வைத்து அடைத்திருந்தோம்.
ஒரே சட்டியில் சோளக்களி.
ஒரே இரும்புக் கூண்டில் இறக்கம்.
இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில்
தங்கத்தை விடப் பளபளக்கும் தூசி.
அவன் இருமி விட்டதை நான் மூச்சாக இழுத்தேன்,
எட்டு மாதம்.
நாற்பத்தொரு கிலோவாக அவனை
மாஃபெடெங் பேருந்தில் ஏற்றினார்கள்.
அன்றைக்கும் நான் இரவு ஷிஃப்ட் போனேன்.

கிருமியை விழுங்கும் செல்கள்
எல்லோருக்கும் உண்டாம்.
சிலருடையது விழுங்கிச் செரித்துவிடும்.
சிலருடையது விழுங்கிவிட்டு
உள்ளே அறை ஒதுக்கிக் கொடுத்துவிடும்.
அப்பனும் ஆத்தாளும் ஆளுக்குப் பாதியாக எழுதிக் கொடுத்ததில்
எங்கோ ஓர் எழுத்து மாறியிருந்தால்
அப்படி ஆகலாம்.
ஆகலாம் என்பதை அவள் மூன்று முறை சொன்னாள்.
தெரியாததைத் தெரியாது என்பவளை
எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரே வயிறு, ஒரே முலை.
குலுக்கல் மட்டும் வேறு.

ஆறு குழாய் ரத்தம் வேண்டும் என்றாள்,
ஒரு கையெழுத்தும்.
எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

போன குளிர்காலம் நஷ்டஈட்டு விசாரணையில்
கம்பெனி வக்கீல் அண்ணியைப் பார்த்துச் சொன்னான்:
"சிலருக்குப் பிறவியிலேயே நெஞ்சு பலவீனம், அம்மா."
தூசியை அளந்த தாள்களைக் கேட்டோம்.
வெள்ளத்தில் போய்விட்டதாம்.
அந்த மேட்டில் ஏது வெள்ளம்!
நாளைக்கு இந்த ஆறு குழாயையும் தூக்கிப் பிடித்து,
பாருங்கள், தம்பி தப்பித்தான்,
பழுது சுரங்கத்தில் இல்லை,
செத்தவன் ரத்தத்தில்
என்பானோ?

கேட்டேன்.
கெனெயிலோ உடனே பதில் சொல்லவில்லை.
ஜன்னலைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றினாள்.
"பெயர் இருக்காது. எண் மட்டும்."
எண்ணாகத்தான் இருந்தேன் அம்மா
முப்பத்தோரு வருஷமும்.
"அதோடு," என்றாள்,
"எழுத்து பிழையாக இருந்தாலும் தானாகக் கொல்லாது.
யாராவது அதை உரக்க வாசிக்க வேண்டும்."

வாசித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

தாளின் ஓரத்தில் எழுதினேன்:
என் அண்ணனைக் கொன்றது தூசியும் அந்த அறையும்.
அதன் கீழே கையெழுத்து.
ஓரத்தில் எழுதக் கூடாதென்று சொல்லவந்தவள்
சொல்லாமல் கோப்பில் வைத்தாள்.
குழாய்கள் நிறைந்தன.
பார்ப்பதற்கு அவனுடையது போலவே இருந்தது.

வெளியே பெஞ்சில் டிமகாட்சோ, அண்ணன் மகள்.
அவள் கையில் பதினான்கு மில்லிமீட்டர் தடிப்பு,
நோய் இன்னும் இல்லை, கிருமி குடியிருக்கிறது.
வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் மாத்திரை.
சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று தாதி சொன்னதை
இரண்டு தடவை சொல்லிச் சிரித்தாள்.
பிறகு தன் கையை என் கையருகே வைத்து
வெகுநேரம் பார்த்தாள்.
தோல் தடித்தவன் என்பார்கள், உணர்ச்சி கெட்டவனை.
என் தோல் வழவழவென்று கிடந்தது
வெட்கமில்லாமல்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலைத் திறந்தாள்.
குளிருகிறது, மூடு என்றது பின்னிருக்கை.
அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது.
நான் மூடவிடவில்லை.