குழிக்கு ஆறு நிமிடம்

நன்னிலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் மேசை.
இருபத்திரண்டு வருடமாகக் கிரயம் எழுதுகிறேன்.
விற்பதற்கு ஒரு காரணம் போட வேண்டும்:
பூர்வீகக் கடன், பெண் கல்யாணம், குடும்ப அவசியம்.
பூங்கோதை சொன்ன காரணத்துக்கு
என்னிடம் வார்த்தை இல்லை.

அவள் தம்பி தியாகேசன் நியூஜெர்சியில்
முதுகுவலி கிளினிக் ஒன்றுக்கு பில் போடுகிறவன்.
பத்தொன்பது பேர் மேல் ஒரே குற்றப்பத்திரிகை,
இவன் பதினாலாவது பெயர்.
மற்றவர்களில் மூன்று பேரைத்தான் நேரில் பார்த்திருக்கிறான்.
குற்றத்துக்குப் பெயர் என்ன என்றேன்.
ஃபோனைத் திருப்பிக் காட்டினாள்.
ராக்கெட்டியரிங்.
கூட்டுச்சதியா, மிரட்டிப் பறிப்பதா,
கும்பல் கூடி நடத்தும் தொழிலா?
மூன்றையும் அடித்துவிட்டு
குடும்ப அவசியம் என்றே எழுதினேன்.

எவனோ ஒருவன் மடையை உடைக்கிறான்.
அந்த வாய்க்காலில் தண்ணீர் எடுத்த அத்தனை பேரும்
சேர்ந்து உடைத்ததாகக் கணக்கு.
எனக்கு அப்படித்தான் புரிந்தது. தப்பாகவும் இருக்கலாம்.

விசாரணைக்கு முன்பே வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள்.
அது குற்றத்தில் வந்த பணமா என்று பிறகு பார்ப்பார்களாம்.
சர்க்கார் வக்கீல் ஒருவர் கிடைத்தார், நல்லவராம்,
அவர் கையில் இன்னும் அறுபது வழக்கு.
அரசுத்தரப்பு அனுப்பிய காகிதம்
நாற்பது லட்சம் பக்கம்.

தனி வக்கீல் நேரத்தை
ஆறாறு நிமிடமாக நறுக்கி விற்கிறார்.
ஆறு நிமிடம் அறுபது டாலர், நம் பணத்துக்கு ஐயாயிரம்.
முடிகொண்டான் ஆற்றுக்குத் தெற்கே ஏழு மா நஞ்சை,
குழி ஐயாயிரத்து ஐநூறு பேசியிருந்தார்கள்.

எவ்வளவு எழுதலாம் என்று கேட்டேன், வாய்ப்பழக்கம்.
"நெசமான தொகைய எழுதுங்க.
அங்க ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்குக் கேப்பாங்க."
முத்திரைத்தாள் செலவு கூடுதே என்று
வாங்குகிற ரைஸ்மில் உத்திராபதி
குழிக்கு ஐநூறு குறைத்துக்கொண்டார்.
பிறகு கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை.
குழிக்கு ஆறு நிமிடம்.
ஏழு மா, எழுபது மணி நேரம்.

உண்மை விலையோடு என் மேசையை விட்டுப் போன
முதல் பத்திரம் அது.

கையெழுத்துப் போடும்போது அவள்தான் சொன்னாள்:
அந்தச் சட்டத்தில்
பத்து வருடத்துக்குள் இரண்டு தரம் செய்திருந்தாலே
வழக்கமாகச் செய்கிறவன் என்று வைக்கலாமாம்.
அன்று காலையிலேயே நான் இரண்டு முடித்திருந்தேன்.
விற்றவர், வாங்கியவர், சாட்சி இருவர், நான்.

தம்பி செய்தானா என்று நான் கேட்கவில்லை.
அவளுக்கும் தெரியாது என்று பட்டது.

மார்கழியில் பில்லைக் கொண்டுவந்து
வாசித்துச் சொல்லச் சொன்னாள்.
ஆவணம் படித்தது, பதினொன்று புள்ளி இரண்டு.
அரசுத்தரப்போடு பேச்சு, புள்ளி ஆறு.
கட்சிக்காரருடன் தொலைபேசி, புள்ளி மூன்று.
"அன்னைக்கு நானும் லைன்ல இருந்தேன்.
அவன் அழுதான். வக்கீல் சும்மாதான் இருந்தார்."
மூன்று குழி.

பொங்கலுக்குள் நிலம் தீர்ந்தது.
ஒன்றை ஒப்புக்கொண்டால் மூன்று வருடம்,
நின்று தோற்றால் ஒவ்வொன்றுக்கும் இருபது வரை.
நிற்க வேண்டுமானால்
இன்னும் ஒன்றரை வேலி வேண்டும்.
ஒப்புக்கொண்டான்.
அதற்கும் பில் வந்தது, புள்ளி நாலு.

உத்திராபதி வயலில் அறுப்பு மெஷின் ஓடிய வாரம்
பத்திர நகல் கேட்டு வந்தாள்.
வக்கீலுக்குக் கொடுத்த பணம் ஏதென்று
அங்கே கேட்கிறார்களாம்.
விலை இருக்கும் வரியில் விரல் வைத்து
ஒரு தரம் படித்தாள்.
எனக்கு நூறு ரூபாய் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

அடுத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
எவ்வளவு எழுதலாம் என்றார்.