மணந்தால் முறியாது

சஹருக்கு அவளை எழுப்புவதாக இல்லை நான்.
நுஸ்ஹாவுக்கு இரவு டியூட்டி, கல்முனை ஆஸ்பத்திரியில்.
சோற்றுச் சட்டி மூடியைச் சத்தமில்லாமல் எடுத்தேன்;
எடுத்தேன் என்றுதான் நினைத்தேன்.
குசினி வாசலில் தஸ்னீம்,
ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்தபடி.
உம்மாவின் தொழுகைச் சீலை
தலையிலிருந்து இறங்கி ஒரு முழம் தரையில் இழுபட,
"என்ன உட்டுட்டுப் புடிக்கப் பாக்கிறீங்க வாப்பா."

ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
நிய்யத்துச் சொல்லும்போது
பல்லில்லாத வழியால் பாதி எழுத்து
காற்றாய்ப் போனது.
அல்லாஹ் பொறுக்கி எடுத்துக்கொள்வான் என்று
திருத்தாமல் விட்டேன்.
தயிரும் வாழைப்பழமும் பிசைந்து மூன்று கவளம்.
நாலாவது வாயில் இருக்க நித்திரை.
பத்து மணிக்கு மறப்பாள், பத்தரைக்கு பிஸ்கட் கேட்பாள்.
பந்தயம் ஹராம்; இல்லாவிட்டால்
மோட்டார் சைக்கிளையே வைத்திருப்பேன்.

காரைதீவில் அன்று எனக்கு அறுபது மீற்றர்.
ஒரு வீட்டில் கனகேஸ்வரி அக்கா
செம்பில் தண்ணீர் நீட்டி, நாக்கைக் கடித்து,
"ஐயோ தம்பி, நோம்பெல்லா!" என்று
பின்னால் மறைத்துக்கொண்டார்.
யூனிற் எண்ணை இரண்டு தரம் பிழையாய் எழுதினேன்.

ஏனென்றால் எனக்கு நோம்பில்லை.
சீனி வருத்தம். இந்த வருடம் டொக்டர்
துண்டில் எழுதியே தந்துவிட்டார்.
நோயாளிக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றார் ஹஸரத்.
இடமிருக்கிறது. எனக்குத்தான் முகமில்லை.
பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

பகலைக்கு நிந்தவூர் வந்தால்
நுஸ்ஹா அறைக்குள் உறக்கம்.
அம்ஹர், மூன்று வயது, அவனும் நோம்பாம்.
பிட்டு வாய் நிறைய இருக்கும்போதே சொல்கிறான்.
"முழுங்கினாத்தான் முறியும்": அது அவனுடைய பத்வா.
தஸ்னீம் பென்சில் பெட்டியோடு வந்தாள்.
உள்ளே ஒரு டொபி.
"மணந்து பாத்தன். முறிஞ்சிட்டா?"
"மணந்தால் முறியாது மகள்."
"நெனச்சா?"
"நினைத்தாலும்."
"ரெண்டு தரம் நெனச்சன்."
"இரண்டு தரம் என்றாலும்."
பெட்டியை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

பிறகு நான் பிரிஜ்ஜின் பின்பக்கம்
குளிசையும் டம்ளருமாய்,
சொந்த வீட்டில் கள்ளனைப் போல.
கடைசி மிடறில் திரும்பினால்
திரைச்சீலை இடுக்கில் இரண்டு கண்.
ஒன்றும் கேட்கவில்லை. கண்கள் போய்விட்டன.

அஸருக்குப் பின் சீமெந்துத் தரையில்
கன்னத்தை ஒட்டிக் கிடந்தாள்.
"அரை நோம்பு போதும்" என்றேன்,
"கஞ்சி வந்திட்டு, பார்" என்றாள் நுஸ்ஹா.
தலையை மட்டும் ஆட்டினாள்.
இன்றைக்கு என்ன பிடிவாதம் இது என்று
எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

பாங்குக்கு இரண்டு நிமிடம்.
அம்ஹர் மூன்றாவது பேரீச்சம்பழத்தில்.
அவள் கையேந்தி, கண்ணை இறுக்கிப் பொத்தி,
இரகசியம் என்று நினைத்து உரத்துச் சொன்னாள்:
"யா அல்லாஹ், இண்டைக்குப் புடிச்சது என்ட இல்ல.
வாப்பாட. அவருக்குக் கணக்குல போடு.
என்டத நாளைக்குப் புடிக்கிறன்."

நுஸ்ஹா என்னைப் பார்த்தாள்.
நான் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தேன்.
அதில் ஒரு கறிவேப்பிலை மிதந்தது,
வெகுநேரம் அதையே பார்த்தேன்.

இரவு, டொபியைக் கடித்து இரண்டாக்கினாள்.
தம்பிக்குப் பாதி. தனக்குப் பாதி.
எனக்குத் தாளை நீட்டினாள், மூக்குக்கு நேரே.
"உங்களுக்குச் சீனி கூடாதாம், உம்மா சொன்னா.
மணந்து பாருங்க, ஒண்டும் செய்யாது."
தோடம்பழ வாசம்.

அடுத்த சஹருக்கு அவள் எழும்பவில்லை.
கடன்காரன் நான், சட்டி மூடியை
வேண்டுமென்றே நிலத்தில் போட்டும் பார்த்தேன்.
புரண்டு, தம்பியின் மேல் காலைப் போட்டு,
இன்னும் ஆழமாய்த் தூங்கினாள்.