இடது சானல்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி.
கழித்துக்கட்டிய ஜீன்ஸ்களைத் தாண்டிப் போனால்
தார்ப்பாயில் காசிம் பாய்.
அவர் குவியலில் கைவிட்டால் எதுவும் வரும்,
ஒருமுறை யாருடையதோ பல்செட் வந்தது.
நான் தேடுவது
தகரத் தொப்பி போட்ட, இரண்டு கால் உள்ள
ஏ.டி. 149.
ஜெர்மானியம் பாய், சிலிக்கான் வேண்டாம்.
"ஜெர்மன்காரன்கிட்ட போய்க் கேளு."

சென்னைக்கே போய் ரிச்சி தெருவில் ஒரு ஜோடி வாங்கினேன்.
சந்தேகப்படும் அளவுக்குப் பளபளப்பு.
வீட்டில் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தேன்,
149 பஞ்சோடு வந்துவிட்டது.
அடியில் வேறு எண்.
எடையளவுத் துறையில் பத்தொன்பது வருஷம்
கள்ள முத்திரை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவர் முகத்தை
அன்று கண்ணாடியில் பார்க்கவில்லை.
என் அதிகாரம் கனகசெட்டிக்குளம் எல்லையோடு சரி.

என் ஆம்ப்ளிஃபையர்
வலப்பக்கம் மட்டும்தான் பாடும்.
வயலின் இருக்கும், மிருதங்கம் இருக்காது.
சில தட்டுகளில் பாடகியே இல்லை.
ரயிலைத் தவறவிட்ட வித்வாம்சினிக்காக
பக்கவாத்தியம் மட்டும் மேடையில் உட்கார்ந்து
நாற்பது நிமிஷம் வாசிக்கும்.

முத்தியால்பேட்டையில் ஒன்று இருக்கிறது என்றார் பாய்.
அதே மாடல். அதுவும் பாதிதான்.
செத்ததை வாங்கி உறுப்பெடுத்துக்கொள்ளலாமென்று
ஸ்க்ரூ டிரைவரும் நாலாயிரம் ரூபாயுமாகப் போனேன்.

கதவைத் திறந்த செலின் ரேமோன்
எல்.ஐ.சி. ஏஜெண்ட்.
கையில் மல்ட்டிமீட்டர்.
"வாங்க. ஒருத்தர்கிட்ட செத்தது இருக்கு,
விப்பாருன்னு பாய் சொன்னாரு.
எவ்ளோ எதிர்பாக்கறீங்க?"

அவருடையதில் இடப்பக்கத்துக்கு உயிர்.
அவர் ஐயாயிரம் வரை ஏறினார்.
நான் என் நாலாயிரத்தை வெளியில் எடுக்கவேயில்லை.
காபி ஆடை கட்டியது.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகவில்லை.
பதினோரு கிலோ.
ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்து
வேகத்தடைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
மறுபடி முத்தியால்பேட்டை.
அவருடைய தட்டு, அவருடைய ஊசி,
அதிலிருந்து ஒயரைப் பிரித்து
இடது அவர் பெட்டிக்கு, வலது என் பெட்டிக்கு.
அவர் குமிழ் நாலில் நின்றால்
என்னுடையது ஏழரைக்குப் போக வேண்டியிருந்தது.
தராசு முள்ளை நடுவில் நிறுத்துவது
எனக்குச் சொல்லித்தர வேண்டாத வேலை.

நிறுத்தினேன்.
பாடகி
அவர் பெட்டியிலும் இல்லை, என் பெட்டியிலும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
ஒன்றுமில்லாத சுவரில்
எல்.ஐ.சி. காலண்டருக்கு ஒரு முழம் முன்னால்
வந்து நின்றாள்.
மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

செலின் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகர்த்தினார்.
நானும் நகர்த்தினேன்.
நடு ஒன்றுதான், நாற்காலி இரண்டு.

பல்லவி திரும்பும்போது
வலது பக்கமிருந்து லேசாக வாசனை.
மெழுகும் தூசியும் சேர்ந்து சூடாகிற வாசனை.
இருவருக்கும் தெரியும் அது என்னவென்று.
தட்டு முடிய இன்னும் இரண்டு நிமிஷம்.
யாரும் எழுந்திருக்கவில்லை.

சுவரிலிருந்து கண்ணெடுக்காமல்
செலின் சொன்னார்:
"இப்ப மூவாயிரம்தான்."