ஏழாம் பக்கத்து யானை

பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போதே
பெட்டிக்குள் முப்பது புத்தகங்கள் குலுங்கின.
அச்சடித்தது ஐந்நூறு.
கட்டிலுக்குக் கீழே இன்னும் நானூற்றிப் பதினொன்று;
வெள்ளம் வந்தால் வீட்டில் அவற்றைத்தான் முதலில் தூக்குவோம்,
மனைவி புறுபுறுக்க.

வெல்லாவெளிக்கு அப்பால் தார் முடிந்து கிறவல்.
அதிபர் பணிசும் பிளேன்ரீயும் தந்தார்.
"எழுத்தாளர் வந்திருக்கார், எழும்புங்க பிள்ளையள்."
நீர்வழங்கல் சபையில் மானி வாசிப்பவன் நான்
என்று சொல்ல வாயெடுத்து
பணிசோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஐந்தாம் ஆண்டு. பத்தொன்பது பேர்.
"புலமைப்பரிசிலுக்கு இது வருமா சேர்?"
வராது என்றேன்.
இரண்டு பேர் பென்சிலைக் கீழே வைத்தார்கள்.

என் கதையில் யானைக்குப் பெயர் தொம்மு.
நீல நிறம். தலையில் தொப்பி.
ஏழாம் பக்கத்தில் அது தும்பிக்கையால் கதவைத் தட்டி,
"ஒரு வாழைப்பழம் கிடைக்குமா?" என்று கேட்கும்.
கல்லடியில் இந்த இடத்தில் சிரித்தார்கள்.
களுவாஞ்சிக்குடியில் கைதட்டி
மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.
இங்கே மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"கதவு தட்டாது சேர்," என்றான் பவிதரன்.
"சுவரால வரும்."

எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நெல்லுக்கு. நாங்க படுக்கிற அறைக்குள்ளதான் மூட்டை அடுக்கியிருந்த."
"முதல்ல மணம் வரும். மறுகாதான் அது வரும்."
"இல்ல, முதல்ல வயிறு இரையும். உழவு மெசின் மாதிரி."
"அது உங்கட வீட்டுக்கு வந்தது. எங்கட யானை சத்தமே போடாது."
"வெடி கொளுத்தினா ஓடுமா?"
"ஒற்றையன் ஓடாது."
அவர்கள் வாதாடினார்கள்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
இருபத்துநாலு பக்கத்தில்
ஒரு இடத்திலும் மணம் இல்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலு வரி எழுதச் சொன்னேன்.
கேதுர்சிகா கொண்டுவந்து நீட்டினாள்:

யானை வந்த. அம்மா விளக்க நூத்தா.
நாங்க மூச்சு விடல்ல.
தம்பிட வாய நான் பொத்தின.
மறுகா விடிஞ்ச.

என் கையில் சிவப்புப் பேனை இருந்தது.
இருந்தால் அது சும்மா இருக்குமா?
'மறுகா'வை வட்டமிட்டு
மேலே 'பிறகு' என்று எழுதிக் கொடுத்தேன்.
போய் இருந்து அழிறப்பரால் தேய்த்தாள்.
தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் தாள் பொத்தது.
"பரவாயில்ல சேர், வேற தாளில எழுதுறன்," என்றாள்,
என்னைத் தேற்றுவதுபோல.

ஒரு புத்தகமும் விற்கவில்லை.
மூன்றை நூலகத்துக்குக் கொடுத்தேன்.
அலுமாரித் திறப்பு
மாற்றலாகிப் போன ரீச்சரிடம் இருக்கிறதாம்.
அதிபர் மேசையில், வரவுப் பதிவேட்டின் மேல்,
நீல யானை தொப்பியோடு கிடந்தது.

மழை பிடித்துக்கொண்டது.
ஐந்தரைக்குத்தான் விட்டது.
படலையடியில் பவிதரன் நின்றான்:
"மெல்லப் போங்க சேர்.
மருத மரத்தடியில லைற்ற நூத்துப்போட்டுப் பாருங்க,
மறுகா போங்க."

சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.
எஞ்சினை அணைத்தேன்.
இரு பக்கமும் கதிர் தள்ளிய வயல்.
தவளைகள் கத்திக்கொண்டிருந்தன,
பிறகு கத்தவில்லை.
புளித்த வைக்கோலும் ஈரத் தோலும் கலந்ததுபோல் ஒன்று
மூக்கில் ஏறியது.
பின்னால் பெட்டிக்குள் இருபத்தேழு தொம்மு,
ஒன்றாவது உதவிக்கு வரும் முகமில்லை.
நான் மூச்சு விடவில்லை.
எவ்வளவு நேரம் என்று
எந்த மானியிலும் வாசிக்க முடியாது.

மறுகா
ஒரு தவளை தொடங்கியது.
லைற்றைப் போட்டேன்.
வீதிக்குக் குறுக்கே
சூடு ஆறாத லத்தி,
அதில் அவியாத முழு நெல்மணிகள்.