ஐந்தாவது ஆணி

குரினுமா நகர்மன்ற வாசலில்
மக்கள்தொகைப் பலகை. ஐந்து ஆணிகள்.
இடக்கோடி ஆணி
நான் வேலைக்கு வருமுன்பே காலி.
இப்போது அதில் பனி குல்லாய் போட்டிருக்கிறது.

நிலக்கரி இருந்தது,
முப்பதாயிரம் பேர் இருந்தார்கள்,
நகரமாக்கினார்கள்.
ஆவதற்கு விதி எழுதியவர்கள்
ஆகாமல் போவதற்குப்
பக்கமே ஒதுக்கவில்லை.
ஆகவே நாங்கள் இன்னும் நகரம்.
மேயர் உண்டு, முத்திரை உண்டு,
ஒரே ஒரு போக்குவரத்து விளக்கு.
பெரும்பாலும் மான்களுக்குத்தான் சிவக்கிறது.

போன மாதம் சரியாக மூவாயிரம்.
மேயர் ஒகிட்சு பலகையருகே நின்று
படம் எடுத்துக்கொண்டார்.
மறுநாள் சுரங்கக் குடியிருப்பு நாலாம் வரிசையில்
கிழவர் நிஷிஹோரி இறந்தார்.

மூன்று பூஜ்யங்களையும் கழற்றினேன்.
பெட்டியில் ஒன்பது இரண்டுதான்.
பத்தாமிடத்தில் ஆறைத் தலைகீழாக்கி
நூலால் கட்டினேன்.
பலத்த காற்றடித்தால்
முப்பது பேர் குறைவோம்.

இன்று காலை
என் இடப்பெயர்வுப் படிவத்தை
நானே நிரப்பி, கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து
நானே வாங்கி, முத்திரையிட்டேன்.
செல்லுமிடம்: சப்போரோ.
எட்டு நிறைய இருக்கிறது.

ஏணியில் நிற்கையில்
பேருந்து ஓட்டுநர் ஜன்னலை இறக்கி
"யார் போனது?" என்றார்.

பெயர் சொல்லக் கூடாது, விதி
என்றேன்.