காற்றின் வேகம் பன்னிரண்டு

நெப்ராஸ்காவில் ஜூன் முதல் வாரம்.
இழப்பை எண்ண வந்தவள் நான்.
காப்பீட்டு நிறுவனத்தின் கார், நிறுவனத்தின் பேனா,
என் சொந்த ரப்பர் பூட்ஸ்.

கோரலீ ஹால்வர்சனின் திராட்சைத் தோட்டத்தில்
இலைகள் விசிறிபோல் மடிந்திருந்தன,
நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கி.
ஆறாவது வரிசைவரை அப்படித்தான்.
ஏழாவதில் பாதி.
எட்டாவது வரிசைக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"ஒன்பது வருஷக் கொடி" என்றாள்.
அதற்குமேல் பேசவில்லை.
நானூற்றுப் பதினேழு செடி என்று எழுதிக்கொண்டேன்.

இங்கே மாடு வேலி தாண்டினால்
தொடையிலுள்ள சூட்டுக்குறி சொல்லிவிடும் யாருடையதென்று.
இதற்கு
இலையைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.
அனுப்பினோம். பதில் வந்தது.
சாலைக்கு அந்தப் பக்கச் சோளத்தில்
டெல்மர் ஸோபோட்கா அடித்த களைக்கொல்லி.

பாலிசியில் பதினேழாம் பக்கம் இப்படிச் சொல்கிறது:
அடித்த வயலில் விழும்வரை அது மருந்து.
வேலியைத் தாண்டிவிட்டால் மாசு.
மாசுக்கு இழப்பீடு கிடையாது.
தாண்டுவதற்கென்றே தனி இணைப்பு ஒன்று உண்டு,
தனி பிரீமியத்தோடு.
கட்டியிருந்தான்.
இருபத்திரண்டு வருஷமாக, ஒரு நாளும் பிந்தாமல்.
லைசென்ஸைப் புதுப்பிக்க
மாநில அலுவலகம் முதலில் கேட்பதே அந்த ரசீதைத்தான்.

இணைப்புக்குள் ஒரு நிபந்தனை:
டப்பாவின் லேபிள் சொன்னபடி அடித்திருக்க வேண்டும்.
லேபிள் சொல்கிறது:
காற்று மணிக்குப் பத்து மைலைத் தாண்டினால் அடிக்காதே.

ஸோபோட்காவின் கொட்டகையில்
டீசல் வாடைக்கு நடுவே அவனுடைய நோட்டு.
தேதி. வயல். நாசில் எண். காலை 6.40.
காற்று: 12.
பென்சிலில்.

"மழை வருதுன்னாங்க" என்றான்.
"கொஞ்ச நேரத்துல தணிஞ்சிடும்னு நெனச்சேன்."

பன்னிரண்டு.
அங்கே ஒன்பது என்றிருந்தால்
மூன்று வாரத்தில் கோரலீக்குக் காசோலை போயிருக்கும்.
பன்னிரண்டு என்பதால் போகாது.
வழக்குப் போடுவாள், ஜெயிப்பாள்,
அவனிடம் எடுக்க என்ன இருக்கிறது?
கடன் முடியாத ஒரு ஸ்பிரேயர்.
உண்மை எழுதியதற்கான அபராதத்தை
சாலைக்கு இந்தப் பக்கத்துப் பெண் கட்டப்போகிறாள்.

நோட்டை மூடாமல் மேஜையில் வைத்தேன்.
பக்கத்தில் பென்சில்,
அதன் நுனியில் இளஞ்சிவப்பு ரப்பர், தேயாதது.
ஒரு போன் பேச வேண்டும் என்று வெளியே வந்தேன்.
பேச யாரும் இல்லை.
பத்து நிமிடம்
அவன் டேங்கின்மேல் ஒட்டியிருந்த லைசென்ஸ் எண்ணை
திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

(இதை என் அறிக்கையில் தேட வேண்டாம்.)

உள்ளே போனபோது
அவன் காபி போட்டிருந்தான், இரண்டு கோப்பை.
நோட்டு வைத்த இடத்தில் வைத்தபடி.
பன்னிரண்டு.

"அவளுக்கு ஏதாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டான்.

மூன்றாம் பக்கம், ஒன்பதாவது கட்டம்.
நிறுவனத்தின் பேனாவை எடுத்தேன்.
என்னுடையது மை.

திரும்பும் வழியெல்லாம்
சாலையின் இரு பக்கமும்
ஒரு தாள்கூட அசையவில்லை.